காஸ்மெட்டிக் சர்ஜரி முடிந்து வீடு திரும்பினால்: முதல் ராத்திரியில் தொடங்கி ஒரு வருஷம் வரை

"எத்தனை நாள் சிஸ்டர் லீவு போடணும்?" டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே வந்ததும் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. சென்னையில் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன், நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. ஏனென்றால் இதில் மூன்று கணக்கு இருக்கிறது. எழுந்து நடமாட ஒரு கணக்கு, நாலு பேர் முன்னால் போய் நிற்க ஒரு கணக்கு, பண்ணினது சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல இன்னொரு கணக்கு. முதலாவது நாள் கணக்கு, இரண்டாவது வாரக் கணக்கு, மூன்றாவது மாதக் கணக்கு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு "ஐயோ, கெடுத்துட்டாங்களே" என்று போன் போடுகிறார்கள்.

இது பொதுவான வழிகாட்டி. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தேதி குறிக்கும்போதே ஆரம்பிக்கிறது

தை மாதம் முகூர்த்தம், மார்கழியில் மூக்கு சர்ஜரி என்று வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. அது சரிப்பட்டு வராது. மூக்கு என்றால் குறைந்தது 3 மாதம், முடிந்தால் 6 மாதம் முன்னால் செய்துகொள்ளுங்கள். முடி நடுவது என்றால் ஒரு வருஷம் முன்னால். கல்யாண ஆல்பம் வாழ்நாள் முழுக்க இருக்கும், அதில் நுனி வீங்கிய மூக்கோடு நிற்க வேண்டுமா?

அப்புறம் நம்ம ஊர் வெயில். லைப்போசக்‌ஷன் (உடம்புக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது), டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இழுத்துத் தைப்பது), ஆண்களுக்கு மார்பு வீக்கத்தை எடுக்கும் கைனகோமாஸ்டியா சர்ஜரி, இதெல்லாம் செய்தால் இறுக்கமான பெல்ட்டை 4 முதல் 6 வாரம் போட்டிருக்க வேண்டும். கத்திரி வெயிலில், அதுவும் கரண்ட் போன ராத்திரியில், அந்த பெல்ட்டுக்குள் வியர்த்து ஊறி வேர்க்குரு வந்து சொறிவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வெயில் காலத்தில் செய்தால் புண் ஆறாது என்பது கட்டுக்கதை, ஆறும், அவஸ்தைதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை: வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தண்ணீர் நிற்கிற இடத்தில் வீடு இருந்தால் கட்டுப் பிரிக்க வேண்டிய நாளில் வெளியே வரவே முடியாமல் போகலாம். என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி, விட்டால் ஜூலை, ஆகஸ்ட்.

சிகரெட், பீடி பிடிக்கிறவர்கள் குறைந்தது 4 வாரம் முன்னாலும் 4 வாரம் பின்னாலும் நிறுத்தியாக வேண்டும். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். டம்மி டக், முகத்தோலை இழுத்துத் தைப்பது மாதிரி தோலைப் பிரித்தெடுத்துச் செய்யும் சர்ஜரியில் ஓரத் தோலுக்கு ரத்தம் போகாமல் கறுத்து அழுகிப்போவதற்கு இது பெரிய காரணம். "விட்டுட்டேன் சிஸ்டர், வேப் மட்டும்தான்" என்பார்கள். அதிலும் நிகோடின்தான், நிகோடின் சூயிங்கமிலும் அதேதான். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, சித்த மருந்து, லேகியம் என்று எது சாப்பிட்டாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். சிலது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ரசத்தில் போடும் பூண்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பணத்தைப் பற்றி இரண்டே விஷயம். அழகுக்காக மட்டும் செய்யும் சர்ஜரியை மெடிக்ளெய்ம் ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பு என்றால் நிலைமை வேறு, பாலிசியைப் படித்துப் பாருங்கள். மருத்துவச் சேவைக்குப் பொதுவாக இருக்கும் ஜிஎஸ்டி விலக்கும் அழகு சர்ஜரிக்குக் கிடையாது. அதனால் பேக்கேஜ் தொகை சொல்லும்போது வரி, பெல்ட், கட்டு மாற்றுவது, பிறகு வந்து காட்டுவது எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். ஏதாவது சிக்கலாகி மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்னும் சிறப்பு மேற்படிப்போ அதற்கு இணையான டிஎன்பியோ முடித்தவரா, மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது அவமரியாதை இல்லை. 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். வொர்க்‌ஷாப்பிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டு முடி நடக் கூடாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் எழுத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி தனியாரில் மட்டும்தான் செய்வார்கள் என்றும் இல்லை. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை மூன்றிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. தழும்பு, தீக்காயம், பிறவிக் குறை என்று ஏதாவது இருந்தால் முதலில் அங்கே ஒரு எட்டு போய்க் காட்டுங்கள்.

வீட்டைத் தயார் பண்ணுங்கள்

முதல் 2 நாளாவது கூடவே ஒரு ஆள் வேண்டும். ஹாஸ்டலில், பிஜியில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொண்டு தனியாகப் போய்ப் படுத்துக்கொள்வதுதான் எங்களுக்கு இருக்கிற பெரிய பயம். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் நம்பகமான ஒரு ஃப்ரெண்டிடமாவது சொல்லி, அவரை டிஸ்சார்ஜின்போது அழைத்து வந்து எங்கள் முன்னால் நிறுத்துங்கள். எதற்குக் கூப்பிட வேண்டும் என்பதை அவரிடம்தான் சொல்லி அனுப்புவோம், மயக்கம் தெளியாத உங்களிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, முன்பக்க ஜிப் வைத்த நைட்டி எடுத்து வையுங்கள். முகம், மூக்கு, தலையில் சர்ஜரி என்றால் தலை வழியாகப் போடும் டி-ஷர்ட் ஆகாது. முதுகுக்குச் சாய்த்து வைக்க 3 தலையணை. இடுப்பு உயரத்தில் தண்ணீர், போன் சார்ஜர், மாத்திரை. ஒரு தெர்மாமீட்டர். வயிற்றில் சர்ஜரி என்றால் குந்தி உட்காரும் டாய்லெட் முடியாது. வெஸ்டர்ன் இல்லாத வீடாக இருந்தால் மேலே வைக்கும் பிளாஸ்டிக் கமோட் நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். மூக்குத்தி, தோடு, நெயில் பாலிஷ் எல்லாவற்றுக்கும் முதல் நாளே விடை கொடுத்துவிடுங்கள், மருதாணியும் வைக்க வேண்டாம். விரல் நுனியில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி மாட்டும்போது நகச் சாயம் தொல்லை தரும். மூக்குத்தித் திருகாணி கழற்றி ரொம்ப நாளாகியிருந்தால் ஆஸ்பத்திரி பெட்டில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டாதீர்கள், வீட்டில் வைத்தே கழற்றிக்கொண்டு வாருங்கள்.

திரும்பும்போது கார். ஆட்டோ வேண்டாம், பைக் கூடவே கூடாது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றுத் தையல் உயிர் போகும். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் சர்ஜரி முடிந்த மறுநாளே கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி மதுரைக்கோ நெல்லைக்கோ போவது என்ற யோசனையைக் கைவிட வேண்டும். அசையாமல் 8, 9 மணி நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது, நடுவழியில் ரத்தக்கசிவு என்றால் யாரிடம் போவீர்கள்? கட்டுப் பிரித்துப் பார்க்கும் வரைக்குமாவது, பெரிய சர்ஜரி என்றால் ஒரு வாரம் பத்து நாள், இங்கேயே சொந்தக்காரர் வீட்டிலோ சர்வீஸ் அபார்ட்மெண்டிலோ தங்குங்கள்.

முதல் ராத்திரி

தொண்டை கரகரக்கும், மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் போட்டதால் வருவது, ஓரிரு நாளில் போய்விடும். குமட்டல் இருக்கும், சிலருக்கு உடம்பு உதறும். முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், அது நின்றால் இளநீர், அப்புறம் இட்லி. பிரியாணி நாளைக்கும் கிடைக்கும்.

எழுந்திருக்கும்போது கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ஆளைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். பாத்ரூமில் மயங்கி விழுந்து தையல் பிய்ந்தவர்கள் உண்டு. கதவைத் தாழ் போடாதீர்கள். 6 முதல் 8 மணி நேரம் வரை சிறுநீரே போகவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

லைப்போசக்‌ஷன் செய்தவர்கள் பெட்டில் ஒரு ரப்பர் ஷீட்டும் பழைய துண்டும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செலுத்திய மருந்துத் தண்ணீர் லேசான ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக, துளை வழியாக முதல் 24 முதல் 48 மணி நேரம் வடிந்துகொண்டே இருக்கும். நைட்டி நனைந்து பெட் ஷீட் முழுக்க இந்தக் கறையைப் பார்த்து வீடே அலறும். தண்ணீராக, இளஞ்சிவப்பாக இருந்தால் பயமில்லை. கெட்டியாக, சிவப்பு ரத்தமாக, அழுத்திப் பிடித்தும் நிற்காமல் வந்தால் அது வேறு.

தூங்காத நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ஹாலில் நாலு நடை நடங்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். "ஆபரேஷன் பண்ண உடம்பு, அசையாம படு" என்று பாட்டி சொல்வார். பாட்டியைச் சமாதானப்படுத்திவிட்டு நடங்கள்.

2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாள் வரை: பார்க்கச் சகிக்காத காலம்

வீக்கம் முதல் நாள் பெரிதாகத் தெரியாது. 48 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். இதை எத்தனை தடவை சொல்லி அனுப்பினாலும் மூன்றாம் நாள் காலையில் போன் வரும். ஒரு அம்மா அழுதுகொண்டே கேட்டார்: "ஏம்மா, மூக்குலதானே பண்ணாங்க, இவளுக்குக் கண்ணு ரெண்டும் பூட்டிக்கிச்சே?" மூக்கு எலும்பை உடைத்துச் சரிசெய்யும்போது கசிந்த ரத்தம் கண்ணைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலில் போய்த் தேங்குகிறது. அவ்வளவுதான். ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி 2 வாரத்தில் போய்விடும். புவியீர்ப்பு இதைக் கீழே இழுக்கும். அதனால் கண்ணில் இருந்த ஊமைக்காயம் கன்னத்துக்கும், வயிற்றில் இருந்தது தொடைக்கும் இறங்கினால் புதுசாக ஏதோ வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

எடை பார்க்காதீர்கள். கொழுப்பு எடுத்த பிறகு எடை கூடியிருக்கும், நீர் சேர்ந்திருப்பதால்.

வலி மாத்திரையை வலி முற்றிய பிறகு போடுவதைவிட எழுதித் தந்த நேரத்துக்குப் போடுவது நல்லது. ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். டோலோ 650 ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இன்னொரு வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிக்கிறவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. ஆஸ்பிரின், இபுப்ரொஃபன் வகையறாவை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள், ரத்தக்கசிவு கூடலாம்.

இப்போது ஒத்தடம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் எந்த வலிக்கும் முதலில் வருவது வெந்நீர்ப் பைதான். லைப்போசக்‌ஷன், டம்மி டக் செய்த இடத்தில் தோல் பல வாரம் மரத்துப்போய் இருக்கும், சூடு தெரியாது. அக்கறையாக வைக்கிற வெந்நீர்ப் பை அந்த இடத்தைக் கொப்பளிக்க வைத்துவிடும், பையை எடுத்துப் பார்க்கும் வரை உங்களுக்கே தெரியாது. ஐஸும் அப்படித்தான், மரத்த தோலில் நேராக வைத்தால் அதுவும் பொசுக்கும். டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நேரம், துணி சுற்றி. மஞ்சள் பற்று, நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், குப்பைமேனி எதுவும் தையலுக்கு மேல் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டோடு ஒரு சண்டை

"முட்டை சாப்பிட்டா சீழ் வைக்கும், கத்திரிக்காய் அரிக்கும், மீன் கூடாது, பருப்பு வாயு." கடைசியில் பேஷண்ட் பத்து நாள் மிளகு ரசமும் சோறும் சாப்பிட்டு, சோர்ந்துபோய் வந்து நிற்பார். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை சாப்பிடுவதால் சீழ் பிடிக்காது, சீழுக்குக் காரணம் கிருமி. முட்டை, மீன், கோழி சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். சைவம் என்றால் பருப்பு, சுண்டல், பனீர், தயிர். ஆட்டுக்கால் சூப் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடிக்கலாம், ஆனால் அது மட்டுமே போதும் என்று இருக்காதீர்கள். நெல்லிக்காய், கொய்யாவில் வைட்டமின் சி இருக்கிறது. குறிப்பாக உங்களுக்கு ஏதாவது அலர்ஜி இருந்தால் மட்டும் அதை விடுங்கள்.

குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் வீக்கத்தைக் கூட்டும். அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத மலச்சிக்கல். வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரையும், நடமாட்டம் இல்லாததும் சேர்ந்து மூன்றாம் நாள் ஆளை வதைத்துவிடும். முக்கினால் வயிற்றுத் தையலுக்கு ஆகாது, முகத்திலும் மூக்கிலும் ரத்தக்கசிவு வரலாம். முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, பப்பாளி, தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டு இசப்கோல். மதுவைக் குறைந்தது வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் முடியும் வரை தள்ளிவையுங்கள். ஆன்டிபயாடிக்கை "நல்லாயிடுச்சு" என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

எந்த சர்ஜரிக்கு எப்படி

மூக்கு: மேலே வைத்த ஸ்ப்லிண்ட்டை (மூக்கை அசையாமல் பிடிக்கும் கெட்டிக் கட்டு) சுமார் ஒரு வாரத்தில் எடுப்பார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தலையை உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் 4 முதல் 6 வாரம் மூக்கின் மேல் அதை வைக்கக் கூடாது, பவர் இருந்தால் வேறு ஏற்பாட்டைச் சர்ஜரிக்கு முன்பே யோசியுங்கள். அப்புறம் ஹெல்மெட்: முழு முக ஹெல்மெட்டை இழுத்து மாட்டும்போதும் கழற்றும்போதும் மூக்கில் இடிக்கும். ஹெல்மெட் போட முடியாது என்றால் வண்டியும் ஓட்ட முடியாது, ஆபீசுக்கு எப்படிப் போவது என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். மூக்குத்தியை மறுபடி எப்போது போடலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நுனி பல மாதம் மரத்திருக்கும், கடைசி வீக்கம் வடிய ஒரு வருஷம் கூட ஆகும்.

முடி நடுவது: மூன்றாம், நான்காம் நாள் நெற்றி வீங்கிக் கண்ணுக்கு இறங்கும். பக்குகள் 7 முதல் 10 நாளில் தானாக உதிரும், நகத்தால் பிய்க்காதீர்கள். இங்கேயும் ஹெல்மெட், தொப்பி, தலை வியர்க்கும் ஜிம் எல்லாம் டாக்டர் சொல்லும் வரை தள்ளி. 2-லிருந்து 8 வாரத்துக்குள் நட்ட முடியே கொட்டும். எல்லோரும் இடிந்துபோய் உட்காரும் கட்டம் இது, ஆனால் வேர் உள்ளேதான் இருக்கிறது. 3, 4 மாதத்தில் முளைக்கும், முழுசாகத் தெரிய 9 முதல் 12 மாதம்.

டம்மி டக்: இந்த வரிசையில் கடினமானது இதுதான். ஒன்றிரண்டு வாரம் கூன் போட்டு நடப்பீர்கள், நிமிர்ந்தால் தையல் இழுக்கும். உள்ளே சேரும் நீரை வெளியே இழுக்கப் பக்கவாட்டில் டியூபும் அதன் முனையில் அமுக்கிவிட்ட பந்தும் தொங்கும். தினமும் ஒரே நேரத்தில் அதைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நோட்டில் எழுதி, பந்தை மறுபடி அமுக்கி மூட வேண்டும். அமுக்காமல் மூடினால் அது இழுக்காது, நிறையப் பேர் விடுவது அந்த இடத்தில்தான். பெரும்பாலும் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகு எடுப்பார்கள். 6 வாரம் குடம், காஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. குனிந்து கோலம் போடுவது, கோயிலில் விழுந்து கும்பிடுவது எல்லாவற்றுக்கும் சாமியிடம் லீவு சொல்லிவிடுங்கள்.

லைப்போசக்‌ஷன், கைனகோமாஸ்டியா: 3-ஆம் வாரத்தில் உள்ளே கட்டிகட்டியாகத் தட்டுப்படும், ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் தெரியும். பெரும்பாலும் இது ஆறிவரும் திசுவின் கெட்டித்தன்மை, 3 முதல் 6 மாதத்தில் இளகும். 5 லிட்டருக்கு மேல் கொழுப்பு எடுக்கப்போகிறேன் என்று டாக்டர் சொன்னால் ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பெல்ட் 2 ஜோடி வாங்குங்கள். துவைக்க ஒன்று, போட ஒன்று. உள்ளே மடிப்பு விழாமல் மெல்லிய பருத்தி பனியன் மேல் போட்டால் வியர்வை கொஞ்சம் தாங்கும். முதன்முதலில் பெல்ட்டைக் கழற்றும்போது தலை சுற்றலாம், உட்கார்ந்துகொண்டு கழற்றுங்கள். இறுக்கமாக இருப்பது நல்லதுதானே என்று ஒரு சைஸ் சின்னதாக வாங்க வேண்டாம், தோல் கன்றிக் கொப்புளமாகிவிடும்.

கண் இமை: தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள், கண் வறண்டு மணல் போட்ட மாதிரி உறுத்தும், சொட்டு மருந்து உண்டு. கண்ணுக்குள் வலி தாங்காமல் போனாலோ பார்வை மங்கினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

எதற்கெல்லாம் ராத்திரி 2 மணிக்கும் போன் செய்யலாம்

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பந்து மாதிரி வீங்கி, இறுகி, வலி கூடிக்கொண்டே போனால், உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல்; முதல் ஓரிரு நாள் லேசாகச் சூடு இருப்பது சகஜம், அதற்குப் பிறகு வரும் காய்ச்சல் சகஜமில்லை. தையலைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, சீழ், நாற்றம். தோல் ஓரம் கறுப்பாவது. மூக்கிலோ காயத்திலோ நிற்காத ரத்தம். எதற்கும் நிற்காத வாந்தி.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம் என்றால் கிளினிக்குக்குப் போன் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போங்கள். என்ன சர்ஜரி, என்றைக்கு, என்ன மருந்து என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் அங்கே நேரம் மிச்சம். அழகு சர்ஜரி பண்ணினதைச் சொல்லக் கூச்சப்பட்டு எமர்ஜென்சி டாக்டரிடம் மறைக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இது தொந்தரவு கொடுக்கும் கேள்வியோ என்று தயங்கிக் காலை வரை காத்திருந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் எங்களுக்கு எரிச்சலாக வரும். ஒன்றுமில்லாததற்குப் போன் செய்தால் வராது.

மனசும் மற்றவர்கள் வாயும்

முதல் ஒன்றிரண்டு வாரத்தில் அழுகை வருவது ரொம்ப சாதாரணம். வலி, தூக்கமின்மை, மாத்திரை, வீங்கிய முகம், "நல்லாத்தானே இருந்தே, உனக்கு எதுக்கு இது?" என்று கேட்கும் அத்தை, எல்லாம் சேர்ந்து. அந்த நேரத்தில் பாத்ரூம் கண்ணாடியில் மணிக்கு ஒரு தடவை பார்ப்பதும், அதைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் உங்களை நீங்களே கிள்ளிக்கொள்வதுதான். வாரத்துக்கு ஒரு போட்டோ போதும், அதே ஜன்னல், அதே நேரம், அதே கோணம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சர்ஜரி செய்யாத இடத்திலும் குறை தெரிந்துகொண்டே இருக்கிறது என்றால் மனநல ஆலோசனை வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

ஆபீஸில் என்ன சொல்வது என்பது உங்கள் இஷ்டம். "சின்ன சர்ஜரி, இப்போ பரவாயில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ள எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிக்காரர்கள் முதல் வாரம் லீவு, அடுத்த வாரம் கேமரா போடாமல் வீட்டிலிருந்து வேலை என்று ஓட்டிவிடுகிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மூக்கு, கைனகோமாஸ்டியா என்றால் ஒரு வாரம் பத்து நாளில் திரும்பலாம், டம்மி டக் என்றால் 2 முதல் 3 வாரம். நின்றுகொண்டே பார்க்கும் வேலை, மூட்டை தூக்கும் வேலை என்றால் 6 வாரம் கேளுங்கள். வண்டி ஓட்டுவது, ஜிம், தாம்பத்தியம் மூன்றையும் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். மூன்றாவதைக் கேட்காமல் போய்விட்டு ரத்தக்கசிவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள், ரத்த அழுத்தம் ஏறுகிற எதுவும் முதல் 2, 3 வாரத்துக்கு ஆகாது.

தழும்பும் மாதக் கணக்கும்

தழும்பு முதல் 2, 3 மாதம் நன்றாக ஆவதற்குப் பதில் மோசமாகும். சிவந்து, தடித்து, அரிக்கும். அதற்குப் பிறகுதான் தணியும், 12 முதல் 18 மாதம் வரை மாறிக்கொண்டே இருக்கும். நம் தோல் நிறத்துக்கு இரண்டு விஷயம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: தழும்பு கறுப்பது, கீலாய்டு என்னும் தடித்த வளர்ச்சி. காது குத்திய இடத்திலோ, அம்மைத் தழும்பிலோ, அப்பா அம்மாவுக்கோ கீலாய்டு வந்திருந்தால் சர்ஜரிக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். காயம் முழுசாக மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட், 2, 3 மாதம் விடாமல். வெயிலில் போனால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அதோடு துப்பட்டாவோ குடையோ. பக்கத்து வீட்டில் பரிந்துரைக்கும் வெள்ளையாக்கும் க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கலாம், அதைத் தழும்பில் தேய்க்காதீர்கள்.

இந்த மாதங்களில் மரத்த இடத்தில் ஊசி குத்துவது போலவும், ஷாக் அடிப்பது போலவும், சுர்ரென்று அரிப்பது போலவும் வரும். நரம்பு திரும்ப உயிர் பெறுகிறது. சொறியாமல், துணியால் மெல்லத் தட்டிக்கொடுங்கள்.

மார்பில் இம்ப்ளாண்ட் வைத்தவர்களுக்கு ஒரு கார்டு தருவார்கள், கம்பெனி, சைஸ், வரிசை எண் இருக்கும். அதை ஆதாரோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் கேட்பார்.

6 மாதம், ஒரு வருஷம் என்று வரச் சொன்ன தேதிக்கு, எல்லாம் நன்றாக இருந்தாலும் போய்க் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் சண்டை போடாமல், வாரா வாரம் எடுத்த போட்டோவை வரிசையாகக் காட்டி எது உறுத்துகிறது என்று விரல் வைத்துச் சொல்லுங்கள். மூக்கை மறுபடி திறந்து திருத்துவது என்றால் பொதுவாக ஒரு வருஷமாவது கழியட்டும் என்பார்கள், ஆறாத திசுவில் கத்தி வைத்தால் சிக்கல் கூடும் என்பதால். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதாக இருந்தால் பழைய ஆபரேஷன் நோட்ஸின் நகலை ஆஸ்பத்திரியில் எழுத்தில் கேட்டு வாங்கிப் போங்கள். உங்கள் மருத்துவப் பதிவைக் கேட்பது உங்கள் உரிமை, கொடுத்தாக வேண்டும். திருத்த சர்ஜரிக்கு டாக்டர் ஃபீஸ் வாங்காவிட்டாலும் தியேட்டர், மயக்க மருந்துச் செலவு தனியாக வரலாம், அந்தத் தொகையையும் தேதி குறிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.